கருந்துளையிலிருந்து ஒளிகூடத் தப்பாது என்கிறார்கள், அப்புறம் தாரை (ஜெட்) எனப்படும் பிளாஸ்மாப் பீச்சு மட்டும் எப்படி வெளியே பாய்கிறது?

தாரை கருந்துளையின் உள்ளேயிருந்து வருவதில்லை. விளிம்புக்கு வெளியே, அதை ஒட்டிய பகுதியில்தான் கிளம்புகிறது.

எம்87 விண்மீன் மண்டலத்தை எடுத்துக்கொள்வோம். 5.5 கோடி ஒளியாண்டு தொலைவு. நடுவில் சூரியனைப்போல் சுமார் 650 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை. அதன் தாரையை 1918இலேயே வானியலாளர் ஹீபர் கர்ட்டிஸ் ஒரு விசித்திரமான நேர்க்கதிர் என்று குறித்து வைத்தார். அது என்னவென்று அப்போது யாருக்கும் தெரியாது.

கருந்துளையைச் சுற்றும் வாயு கடும் சூட்டில் பிளாஸ்மாவாக, அதாவது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்த மின்னூட்ட வாயுவாக, இருக்கிறது. அது உள்ளே விழும்போது காந்தப்புலக் கோடுகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. கருந்துளை சுழன்றால் சுற்றியுள்ள வெளியையே சேர்த்துச் சுழற்றும். ஒரு முனையைப் பிடித்துக் கயிறு திரிப்பதுபோல, கோடுகள் முறுக்கேறுகின்றன. அந்த முறுக்கு பிளாஸ்மாவைச் சுழல் அச்சு வழியே வெளியே தள்ளுகிறது. வளையம் வளையமாகச் சுற்றிய புலம் அதைச் சிதறவிடாமல் இறுக்கிப் பிடிக்கிறது. செலவாவது கருந்துளையின் சுழற்சி ஆற்றல். இயற்பியலாளர்கள் பிளாண்ட்ஃபோர்டும் ஸ்னாயெக்கும் 1977இல் சொன்ன விளக்கம் இது.

சரி, ஆதாரம்? 2021இல் ஈவன்ட் ஹொரைசன் தொலைநோக்கிக் குழு எம்87 கருந்துளையை ஒட்டிய பிளாஸ்மாவிலிருந்து வரும் ஒளி எந்தத் திசையில் அதிர்கிறது என்று வரைந்து காட்டியது. அந்தத் திசை அங்குள்ள காந்தப்புலத்தைக் காட்டிக்கொடுக்கும். அதிலிருந்து கணித்த புலவலிமை 1 முதல் 30 காஸ்தான் (காஸ் என்பது காந்தப்புல அலகு). ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம்கூட இதைவிட வலுவாக இருக்கும்! ஆனால் இந்தப் புலம் பரவியிருக்கும் இடம் நம் சூரியக் குடும்பம் அளவுக்குப் பெரியது. அதனால் மொத்தத்தில் தாரைக்குக் கிடைக்கும் ஆற்றல் மிக அதிகம்; அது ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீள்கிறது.