வைட்டமின் ஏ குறைபாடு ஏன் சிறு பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அதிகம் தாக்குகிறது?

உடம்புக்கு வேண்டிய அளவு வைட்டமின் ஏ கிடைக்காத நிலைதான் இது. உடம்பு இதைத் தானாகத் தயாரித்துக்கொள்ளாது. சாப்பாட்டிலிருந்து வந்து கல்லீரலில் சேமிப்பாக வேண்டும். பிறந்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பு மிகக் குறைவு, வளர்ச்சியோ வேகம். அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு இருப்பதையும் கரைத்துவிடும். கர்ப்பிணி தன் பங்கைக் கருவுக்கும் கொடுக்கிறார். அதனால் கடைசி மாதங்களில் சிலருக்கு மாலைக்கண் வரும். விளக்கு வைக்கும் நேரத்தில் வாசற்படி தெரியாமல் தடுமாறுவார்கள்.

கண்ணோடு இது நிற்பதில்லை, அதுதான் கவலை. குடலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் உள்ளே இருக்கும் மெல்லிய படலம் வீட்டுச் சுவரின் சிமெண்ட் பூச்சு மாதிரி. பூச்சு பெயர்ந்தால் மழை ஈரம் இறங்கும்; இந்தச் சத்து குறைந்து படலம் பலவீனமானால் கிருமி இறங்கும். தட்டம்மை உயிருக்கே ஆபத்தாக முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 20 சதவீதம் பேருக்கோ அதற்கு மேலோ ரத்தத்தில் இந்தச் சத்து குறைந்திருந்தால், அதைக் கடுமையான பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் குழந்தைக்கு 9 மாதம் ஆகும்போது 1 லட்சம் யூனிட், பிறகு 5 வயது வரை 6 மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் என வைட்டமின் ஏ மருந்தை அரசே வாயில் ஊற்றுகிறது. தயவுசெய்து தவறவிடாதீர்கள்.

கேரட் சாப்பிட்டால்தான் உண்டு என்பது தவறு: முருங்கைக்கீரை, பப்பாளி, பரங்கிக்காயிலும் இது கிடைக்கும், கூடவே கொஞ்சம் எண்ணெய் சேர்த்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.