கேள்வி பதில்: ஃப்ளை காஸ்டிங் போட்டிக்குப் புதியவர் போகலாமா?

கேள்வி: மீன்பிடிக்கச் செயற்கைப் பூச்சித் தூண்டிலைக் கோலால் வீசும் ஃப்ளை காஸ்டிங் இப்போதுதான் பழகுகிறேன். பயிற்சி முகாமோடு போட்டியும் வைக்கிறார்கள். பெயர் கொடுக்கலாமா?

பதில்: தாராளமாகக் கொடுங்கள். துல்லியப் போட்டியில் மீன் பிடிக்க வேண்டியதில்லை. தண்ணீரிலோ புல்தரையிலோ கிடக்கும் வளையத்துக்குள், தூண்டில் முள்ளுக்குப் பதிலாக நூல் நுனியில் கட்டிய சிறு கம்பளித் துணுக்கை இறக்குவதுதான் வேலை. ஆனால் முகாமை முதலில் முடித்துவிடுங்கள். இதில் எடை இருப்பது நூலில்தான், நுனியில் கனமே கிடையாது, அதனால் கோலைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்தி, நூல் முழுக்க நீளும்வரை பொறுத்து, அப்புறம்தான் முன்னே வீச வேண்டும். பலர் அவசரப்படுவது இங்கேதான்! திரும்பிப் பார்த்துப் பார்த்தே பழகுங்கள், தப்பில்லை. வருடக்கணக்காக வீசுபவர்களுக்கும்கூட மணிக்கட்டு அளவுக்கு மீறி மடங்குவது பக்கத்தில் நின்று ஒருவர் சொன்னால்தான் புரியும். வீசும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.