சிட்டீஸ் ஸ்கைலைன்ஸில் செங்கோட்டை: கேள்வி பதில்

குற்றாலம், செங்கோட்டை, தென்காசி மூன்றையும் சேர்த்து, சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் என்ற நகரம் கட்டும் கணினி விளையாட்டில் ஒரு மேப் செய்துகொண்டிருக்கிறேன். விஷயம் வெளியே தெரிந்ததும் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேம் ஆடுகிறவர்கள் கேள்வி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வருவதால் மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் நான் சொல்வது 2015-இல் வந்த முதல் பாகத்தைப் பற்றித்தான்.

தென்காசியிலிருந்து: அக்கா, நம்ம ஊர் நிலத்தை அப்படியே கேமுக்குள் கொண்டுவர முடியுமா? நான் முயற்சி செய்தால் மலை படிப்படியாக வருகிறது.

கொண்டுவரலாம் தம்பி. மேப் எடிட்டருக்கு வேண்டியது 1081-க்கு 1081 புள்ளி அளவுள்ள கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று. கறுப்பு பள்ளம், வெள்ளை மேடு. செயற்கைக்கோள் உயரத் தரவிலிருந்து இதை உருவாக்கித் தரும் தளங்கள் இருக்கின்றன. படத்தை கேமின் பயனர் தரவு ஃபோல்டருக்குள் ஆட்ஆன்ஸ், மேப் எடிட்டர், ஹைட்மேப்ஸ் என்று போய் வைத்தால் எடிட்டரில் தெரியும்.

உன் மலை படிப்படியாக வருவதற்குக் காரணம், படத்தை 8 பிட்டில் சேமித்திருக்கிறாய். கேமில் தரையின் உச்ச உயரம் 1024 மீட்டர். 8 பிட் படத்தில் 256 நிறப்படிகள்தான் உண்டு என்பதால் ஒவ்வொரு படியும் 4 மீட்டர் குதிக்கும். மலைச்சரிவு வரப்பு வெட்டிய வயல் மாதிரிதான் தெரியும். 16 பிட்டில் சேமித்தால் அந்தப் படிகள் போய்விடும். சில படத் திருத்தும் மென்பொருள்கள் சேமிக்கும்போது சொல்லாமல் 8 பிட்டுக்கு இறக்கிவிடும், அதையும் பார்த்துக்கொள்.

அந்த 1024 மீட்டர் வரம்பு மேற்குத் தொடர்ச்சி மலையில் இடிக்கும். அதைத் தாண்டும் சிகரம் எல்லாம் உச்சி வெட்டிய மொட்டையாகிவிடும். நம் ஊர்த் தரையே கடல் மட்டத்துக்கு நூறு மீட்டருக்கு மேல்தான் இருக்கிறது. கடல் இல்லாத மேப்புக்கு அந்த உயரம் வீண். மொத்த நிலத்தையும் நூறு மீட்டர் கீழே இறக்கினால் மலைக்கு அவ்வளவு இடம் கிடைக்கும். எடிட்டரில் கடல் மட்டம் 40 மீட்டரில் இருக்கும், அதையும் இறக்க மறந்தால் தென்காசி ஏரிக்குள் போய்விடும்.

மொத்த மேப்பின் ஒரு பக்கம் 17.28 கிலோமீட்டர். அதை 81 சதுரங்களாகப் பிரித்து நடுவில் உள்ள 25-க்குள் 9 சதுரங்களை வாங்க விடுவார்கள். மோட் (விளையாடுகிறவர்களே எழுதிப் பகிரும் கூடுதல் நிரல்) போட்டு 25-ஐயும் திறந்தால் ஒரு பக்கம் 9.6 கிலோமீட்டர், மூன்று ஊரும் அதற்குள் அடங்கும். கேரள எல்லையில் உள்ள புளியரையும் வேண்டுமென்றால் 81 சதுரத்தையும் திறக்கும் மோட் தேவை.

குற்றாலத்திலிருந்து: பேரருவி வைத்தீர்களா? எனக்குத் தண்ணீர் வழுக்குப் பாறையில் ஓடுவது போலத்தான் வருகிறது.

முதலில் யாருக்கும் அப்படித்தான் வரும், ஏனென்றால் தரையில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடைவெளி 16 மீட்டர். பேரருவியின் உயரம் ஏறக்குறைய 60 மீட்டர். செங்குத்தான பாறையை 16 மீட்டர் இடைவெளியில் அளந்தால் அது சரிவாகத்தான் பதிவாகும். அதனால் இறக்குமதி செய்த நிலத்தை நம்பாமல், அருவி இருக்கும் இடத்தை மட்டும் எடிட்டரின் சமன்படுத்தும் கருவியால் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு என்று கையால் வெட்ட வேண்டும்.

ஆனால் நேராக ஒரே வீழ்ச்சியாக வைக்காதீர்கள். நிஜத்தில் தண்ணீர் பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற பாறைப் பள்ளத்தில் விழுந்து, நிரம்பி, அங்கிருந்து வழிந்துதானே கீழே வருகிறது? கேமிலும் நடுவில் ஒரு பள்ளம் வெட்டுங்கள். இந்தக் கேமில் தண்ணீர் வெறும் ஓவியம் இல்லை, உண்மையாகவே கணக்குப் போட்டு ஓடும். மேலிருந்து வேகமாக வரும் நீர் பள்ளத்தில் வேகம் குறைந்து, ஒழுங்காக வழியும். பள்ளம் இல்லாவிட்டால் கீழே உள்ள கடைத்தெரு மிதக்கும். நீர் ஊற்றை மலை உச்சியில் வைத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள்.

ஒரு ஏமாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். மழை பெய்வதற்கும் ஆற்று நீருக்கும் கேமில் சம்பந்தமே கிடையாது. ஆனியில் சாரல் அடித்தாலும் அருவி அதே அளவில்தான் விழும். நம் ஊர்க்காரர்களுக்கு இது பெரிய குறைதான், சீசனே இல்லாத குற்றாலம்.

புளியரையிலிருந்து: கேரளாவுக்குப் போகிற லாரி எல்லாம் ஒரே லேனில் நிற்கிறது. ஆறு லேன் ரோடு போட்டும் பயனில்லை. என்ன செய்ய?

ரோட்டை அகலப்படுத்துவதால் இது தீராது. ஒரு வண்டி கிளம்பும்போதே எந்த வழி, எந்த லேன், எங்கே திரும்புவது என்று முடிவெடுத்துவிடும். வழியில் நெரிசலைப் பார்த்து மாற்றிக்கொள்ளாது. எல்லா லாரியும் அடுத்த ஜங்ஷனில் இடப்பக்கம் திரும்பப்போகிறது என்றால் எல்லாமே ஒரு கிலோமீட்டருக்கு முன்பே இடது லேனுக்கு வந்துவிடும். மற்ற லேன்கள் காலியாகக் கிடக்கும். எட்டு லேன் போட்டாலும் ஏழு காலியாகத்தான் இருக்கும்.

முதலில், லாரி எங்கே போகிறது என்று பாருங்கள். ரோட்டைத் தட்டினால் அதில் போகும் வண்டிகளின் பாதை காட்டும் வசதி கேமிலேயே இருக்கிறது. பெரும்பாலும் தொழிற்பேட்டைக்கு ஒரே ஒரு நுழைவாயில் வைத்திருப்பீர்கள். இரண்டாவது வழி கொடுத்தாலே பாதி நெரிசல் போகும். அப்புறம் நெடுஞ்சாலையிலிருந்து நேராக வீட்டுத் தெருவில் இறக்காதீர்கள். நடுவில் ஒரு இடைநிலைச் சாலை வேண்டும், அதில் கடையும் வீடும் குறைவாக, ஜங்ஷன்கள் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். சரக்கு ரயில் நிலையம் வைத்தால் வெளியூர் ஏற்றுமதியில் நல்ல பங்கு தண்டவாளத்துக்குப் போய்விடும்.

இதெல்லாம் செய்த பிறகுதான் டிராபிக் மேனேஜர் மோட். அதில் லேன் இணைப்பை நாமே வரையலாம், யாருக்கு முன்னுரிமை என்று சொல்லலாம். நீண்ட நேரம் சிக்கிக்கொண்ட வண்டியைக் கேம் சத்தமில்லாமல் மறைத்துவிடும், அதை நிறுத்தும் வசதியும் அந்த மோடில் உண்டு. நிறுத்தினால்தான் உங்கள் ரோடு உண்மையில் எவ்வளவு மோசம் என்று தெரியும். துணிந்தவர்கள் செய்யுங்கள்.

செக்போஸ்ட் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். சுங்கச்சாவடியை எல்லையில் வையுங்கள், வண்டிகள் அங்கே வேகம் குறைத்துப் போகும். கட்டணத்தைச் சும்மா பேருக்கு வைத்துக்கொள்ளலாம். வரிசை கட்டி நிற்கும் லாரியைப் பார்க்க ஆசைப்பட்டால் வேறு எதுவும் செய்யத் தேவையில்லை, மேலே சொன்ன எதையும் செய்யாமல் இருந்தால் போதும்.

புனலூரிலிருந்து: சேச்சி, எந்தெந்த மோட் போட வேண்டும்? பட்டியல் தாருங்கள்.

நீண்ட பட்டியல் தரமாட்டேன். ஹார்மனி என்பது மற்ற மோட்கள் நிற்கும் அடித்தளம், அது வேண்டும். டிராபிக் மேனேஜர், பொருளை நகர்த்தும் மூவ் இட், தேடித் தரும் ஃபைண்ட் இட், கேம் ஏறும் நேரத்தைக் குறைக்கும் லோடிங் ஸ்கிரீன் மோட் ரிவிசிடட். இவ்வளவோடு ஒரு நகரத்தை முழுதாக ஆடிப் பாருங்கள். எது குறைகிறது என்று தோன்றுகிறதோ அதை மட்டும் சேருங்கள். யாரோ வீடியோவில் காட்டினார் என்று நூறு மோடை ஒரே ராத்திரியில் போடுகிறவர்களிடமிருந்துதான் எனக்கு "கேம் திறக்கவில்லை" என்ற கேள்வி வருகிறது.

மோட் என்பது உங்கள் கணினியில் ஓடும் நிரல், அதையும் மனதில் வையுங்கள். 2022 பிப்ரவரியில் ஹார்மனியின் மாற்றப்பட்ட நகல் ஒன்றையும் அதே ஆள் போட்ட வேறு சில மோட்களையும், மோட் பகிரும் தளமான ஸ்டீம் வொர்க்‌ஷாப்பிலிருந்து தூக்கினார்கள். வெளியிலிருந்து தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வழியை அதில் வைத்திருந்தார்கள். பிரபலமான மோடின் பெயருக்குப் பின்னால் "மேம்படுத்தியது", "புதியது" என்று ஒட்டுப்போட்ட நகல் வந்தால் நான் தொடவே மாட்டேன்.

கேம் திறக்காமல் போனால் மோட்களில் பாதியை அணைத்துப் பாருங்கள். திறந்தால் குற்றவாளி அணைத்த பாதியில். அதில் மறுபடி பாதி. நூறு மோட் இருந்தாலும் ஏழெட்டு முறையில் பிடித்துவிடலாம். நேரடியாக அன்சப்ஸ்கிரைப் செய்யாமல் அணைத்துத்தான் பார்க்க வேண்டும், சேமித்த நகரத்தின் ஒரு நகலையும் எடுத்துவைத்துவிட்டு.

கடையநல்லூரிலிருந்து: அக்கா, நகரம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று ஊரே சாகிறது. நோய் எதுவும் இல்லை.

எல்லாரையும் ஒரே நாளில் குடிவைத்திருக்கிறாய். குடியேறுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே வயதில் வருவார்கள், ஒரே காலத்தில் கிழவராகி ஒரே காலத்தில் போவார்கள். பெரிய பரப்பை ஒரே மூச்சில் குடியிருப்பாக வண்ணமடிக்காமல் நாலு தெரு, கொஞ்சம் இடைவெளி, இன்னும் நாலு தெரு என்று போ. இப்போதைக்குத் தகன மேடைகளைக் கூட்டு. அமரர் ஊர்தி நெரிசலில் மாட்டாமல் இருக்கிறதா என்றும் பார். வண்டி வந்து சேராத வீடு பாழடைந்துவிடும்.

ஆரியங்காவிலிருந்து: அக்ரஹாரத் தெரு ஒன்று செய்ய ஆசை. வீடு வரைந்துவிட்டேன், ஆனால் கேமில் வைத்தால் தெருவே போலில்லை.

படம் அனுப்பியிருந்தீர்கள், திண்ணை அழகாக வந்திருக்கிறது. சிக்கல் அளவில். கேமின் கட்டம் 8 மீட்டர். நம் வீடுகள் அதைவிடக் குறுகலாகவும், பின்கட்டு, கிணறு, தோட்டம் என்று மிக நீளமாகவும் இருக்கும். தானாக முளைக்கும் வீட்டுக்கு உச்ச அளவு 4-க்கு 4 கட்டம், அதாவது 32 மீட்டர் ஆழம். ஆகவே ஒரு வீட்டை ஒரு அசெட்டாக (கேமில் வைக்கும் தனிப் பொருளாக) செய்யாதீர்கள். சுவரோடு சுவர் ஒட்டிய இரண்டு மூன்று வீடுகளை ஒரே அசெட்டாக, இரண்டு கட்ட அகலத்தில் செய்யுங்கள். பக்கச் சுவர் கட்டத்தின் விளிம்பைச் சரியாகத் தொட வேண்டும், இல்லாவிட்டால் வீடுகளுக்கு நடுவே சந்து விழும். நிறம் மாறிய ஓடு, சாய்ந்த தூண் என்று மூன்று நான்கு வகை இருந்தால் போதும், தெரு பிழைத்துவிடும்.

தூரத்திலிருந்து பார்க்கும்போது காட்டுவதற்கான எளிய வடிவத்தையும் நீங்களே செய்யுங்கள். கேமிடம் விட்டால் ஓட்டுக்கூரையை உருண்டையாக்கிக் கொடுக்கும்.

இன்னொன்று, குடியிருப்புக்கு ஐந்து நிலை உண்டு. நிலை உயர்ந்தால் உங்கள் ஓட்டுவீட்டை இடித்துவிட்டு வேறு ஏதோ வெளிநாட்டு வீட்டை வைக்கும். கட்டடத்தைத் தட்டி, வரலாற்றுச் சின்னம் என்று குறித்தால் தோற்றம் மாறாது. தெரு முழுக்க ஒவ்வொன்றாகக் குறிக்கச் சலிப்பாக இருந்தால் ப்ளாப்பபிள் ரிக்கோ மோடில் கையால் வையுங்கள்.

செங்கோட்டையிலிருந்து, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணாச்சி: பேரனுக்காகக் கேட்கிறேன். பழைய மீட்டர் கேஜ் ரயிலையும் பதிமூன்று கண் பாலத்தையும் வைக்கலாமா?

பேரனுக்காகத்தானா அண்ணாச்சி? சரி. 1904-இல் திறந்த மலைப்பாதை, 2018-இல் அகலப் பாதையாக முழுதும் ஓட ஆரம்பித்தது, இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேமுக்கு கேஜ் என்ற கணக்கே கிடையாது. குறுகலான தண்டவாளம் வரைந்து வொர்க்‌ஷாப்பில் போட்டவர்கள் இருக்கிறார்கள், பார்வைக்குச் சரியாக இருக்கும். ஏற்றத்தில் பின்னால் ஒரு எஞ்சின் சேர்த்துத் தள்ளுவதைக் காட்ட, ரயில் அசெட்டில் கடைசிப் பெட்டியாக எஞ்சினையே திருப்பி வையுங்கள். தள்ளாது, ஆனால் தள்ளுவது போலிருக்கும். மேட்டில் ரயிலின் வேகமும் குறையாது. தண்டவாளம் சரிவை ஏற்காமல் முரண்டு பிடித்தால் நெட்வொர்க் அனார்க்கி மோட் அந்தத் தடையை எடுத்துவிடும்.

பாலம் கழுதுருட்டிப் பக்கம் இருப்பதால் என் மேப்பின் 25 சதுரத்துக்குள் வராது. மலையின் அந்தப் பக்கத்துக்குத் தனி மேப்தான் செய்ய வேண்டும். பாலத்தைத் தூண்களோடு தனி அசெட்டாக வைத்து, தூண் முளைக்காத தண்டவாளத்தை அதன் மேல் ஓட்டுங்கள்.

அச்சன்கோவிலிலிருந்து: காடு வைத்து முடியவில்லை, பாதி மலையில் மரம் நடுவது நின்றுவிட்டது.

ஒரு நகரத்துக்கு 2,62,144 மரங்கள்தான் வரம்பு. நம் மலைக்கு அது எந்த மூலைக்கு? ஊரைப் பார்த்த சரிவில் அடர்த்தியாகவும், மேப் ஓரத்தில் கலைந்தும் நடுங்கள். தூரத்து மலைக்குப் பச்சைத் தரையே போதும், புகைமூட்டத்தில் யாரும் எண்ண மாட்டார்கள். வரம்பை உயர்த்தும் மோட் உண்டு, ஆனால் அதோடு சேமித்த நகரம் பிறகு அந்த மோட் இல்லாமல் திறக்கும்போது தொல்லை கொடுக்கும்.

சுரண்டையிலிருந்து: 8 ஜிபி ரேம் லேப்டாப். ஓடுமா?

வெறும் கேம் ஓடும். வொர்க்‌ஷாப் அசெட் ஆயிரக்கணக்கில் சேர்த்தால் ஓடாது, ஏனென்றால் நகரத்தில் வைக்காத அசெட்டையும் கேம் நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். 16 ஜிபி ஆக்க முடிந்தால் வேறெதற்கும் முன் அதைச் செய்யுங்கள்.

புனலூரிலிருந்து மறுபடியும்: இரண்டாம் பாகத்துக்கு மாறலாமா?

2023 அக்டோபர் 24-இல் வந்தபோது நல்ல கணினியிலேயே திணறியது, பிறகு தேறியிருக்கிறது. முதல் பாகத்து மோட் எதுவும் அதில் வேலை செய்யாது, அங்கே ஸ்டீம் வொர்க்‌ஷாப்புக்குப் பதில் பாரடாக்ஸ் மோட்ஸ். நிலம் மட்டும் பொறாமைப்பட வைக்கிறது. உயரப் படம் 4096 புள்ளி, இரண்டு புள்ளிக்கு நடுவே 3.5 மீட்டர்தான். பேரருவியை அதில் வெட்டினால் பாறை பாறையாகவே நிற்கும். உங்களுக்கு மேப் செய்வதில் ஆசை என்றால் மாறுங்கள். கட்டட அசெட்டும் டிராபிக்கும்தான் பிடிக்கும் என்றால் முதல் பாகத்திலேயே இருங்கள். 

சில்லறைக் கேள்விகள்

கன்சோலில் நிரல் மோட் ஓடாது. மோட் போட்டால் ஸ்டீம் சாதனைகள் நின்றுபோகும். இடதுபக்கப் போக்குவரத்தைப் புது நகரம் தொடங்கும் திரையிலேயே டிக் செய்ய வேண்டும், நடுவில் மாற்றக் கேமில் வழியில்லை. கழிவுநீர்க் குழாய் எப்போதும் குடிநீர் இறைக்கும் இடத்துக்குக் கீழ்ப்பக்கம், ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு.

மேப் எப்போது வரும் என்று கேட்டவர்களுக்கு: மரம் நடுவது பாக்கி. உயரப் படம் மட்டும் போதும் என்கிறவர்கள் கேளுங்கள், இப்போதே அனுப்புகிறேன். நூறு மீட்டர் இறக்கி வைத்த படம் அது, மறுபடியும் இறக்கிவிடாதீர்கள்.