ஹானர்ஸ் தீசிஸ் (இளநிலைப் படிப்பின் இறுதியாண்டு ஆய்வேடு) எழுதும்போது மனசு இப்படி ஏறி இறங்குவது எல்லோருக்கும் நடப்பதா?

ஒரு நாள் எல்லாம் கைவசம் வந்ததுபோல இருக்கிறது, மறுநாள் அழுகை வருகிறது, இரண்டு வாரமாக, ஆய்வுக்கு வழிகாட்டும் கைடின் மின்னஞ்சலுக்குப் பதில் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் இறுதியாண்டும் அப்படித்தான் போனது.

நான் படித்தது உளவியல். தூக்கக் குறைபாட்டுக்கும் நினைவாற்றலுக்கும் தொடர்பு உண்டா என்பது என் தலைப்பு. தலைப்பு முடிவான அன்று தலைகால் புரியாத சந்தோஷம். அதுவரை அடுத்தவர் கேட்ட கேள்விக்கே பதில் எழுதி வந்தவனுக்கு, முதல் முறையாகக் கேள்வியே சொந்தமாக வாய்த்தது. அப்புறம் முந்தைய ஆய்வுகளைப் படிக்க உட்கார்ந்தேன். ஒரு கட்டுரை பத்துக் கட்டுரைகளைக் கைகாட்டியது. நான் சொல்ல நினைத்ததையெல்லாம் யாரோ ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்று சோர்ந்து போனேன். கேள்வியைச் சுருக்கியதும் அந்தச் சோர்வு போய்விட்டது.

நிஜமான அடி டேட்டாவில்தான் விழுந்தது. 114 பேரிடம் தூக்கத் தொந்தரவை 1 முதல் 5 வரை மதிப்பிடச் சொல்லியிருந்தேன். முதல் பகுப்பாய்விலேயே பி மதிப்பு 0.03. நிஜத்தில் தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண் அது; 0.05க்குக் கீழே இருந்தால் தொடர்பு உண்டு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். தொடர்பு இருக்கிறது! அன்று இரவு தூக்கமே வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. விறுவிறுவென்று முடிவுகள் அத்தியாயத்தை எழுதிவிட்டேன்.

பத்து நாள் கழித்து, ஆய்வேட்டில் சேர்க்க ஒரு வரைபடம் போட்டேன். 110 புள்ளிகள் இடது ஓரத்தில் ஒரே கோடாக ஒட்டிக்கிடந்தன. நான்கு புள்ளிகள் மட்டும் வலது கோடியில், தன்னந்தனியாக. பதில் எழுதாதவர்களுக்கு 99 என்று பதிவு செய்துவிட்டு, அது விடுபட்ட பதில் என்று மென்பொருளுக்குச் சொல்ல மறந்திருந்தேன். அதுவும் 99ஐ நிஜ மதிப்பீடாகவே எடுத்துக்கொண்டது. அந்த நால்வருக்கும் நினைவாற்றல் மதிப்பெண் குறைவு. அவர்களை நீக்கியதும் பி மதிப்பு 0.41. கண்டுபிடித்ததாக நினைத்தது கரைந்து போயிற்று.

மூன்று நாள் கோப்பைத் திறக்கவில்லை. படிப்பையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். நான்காம் நாள், தொண்டை அடைக்க, கைடிடம் போய்ச் சொன்னேன். அவர் வரைபடத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நீயே கண்டுபிடிச்சிட்டியே, நல்லது. இப்ப உண்மையில என்ன இருக்குன்னு எழுது” என்றார். தொடர்பு தென்படாத ஆய்வுகள் வெளிவராமல் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடும் சிக்கலைப் பற்றி உளவியலாளர் ராபர்ட் ரோசென்தால் 1979இல் எழுதிய கட்டுரையைப் படிக்கச் சொன்னதும் அவர்தான். என் முடிவுரை அதிலிருந்துதான் பிறந்தது.

இன்று திரும்பிப் பார்த்தால், நான் துள்ளிக் குதித்த நாளில் என் ஆய்வு தவறாக இருந்தது. உடைந்து போன நாளில்தான் அது சரியாயிற்று. அதனால் அன்றைய மனநிலையை வைத்து உங்கள் தீசிஸை எடைபோடாதீர்கள். முக்கியமாக, விட்டுவிடலாமா என்ற முடிவை ராத்திரியில் எடுக்காதீர்கள்.

தாமதம் ஆகிறதே என்ற குற்றவுணர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். பியூலர், கிரிஃபின், ராஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஹானர்ஸ் தீசிஸ் எழுதும் உளவியல் மாணவர்களிடமே எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்னது 33.9 நாள், ஆனது 55.5 நாள். எல்லாமே சொதப்பினால் எத்தனை நாள் ஆகும் என்ற கேள்விக்குக்கூட 48.6 என்றுதான் சொல்லியிருந்தார்கள். இதைப் படித்த அன்று என் நெஞ்சில் இருந்த பாரம் பாதி இறங்கியது. நான் மட்டும் சோம்பேறி இல்லை!

ஒன்று மட்டும் கவனியுங்கள். தீசிஸைத் தள்ளி வைத்த நாட்களிலும் தூக்கமோ பசியோ இல்லாமல் வாரக்கணக்கில் போனால், மனநல ஆலோசகரைப் பார்த்துவிடுங்கள். அதைத் தீசிஸ் கணக்கில் எழுதி ஒதுக்க வேண்டாம்.

மற்றபடி, கைடுக்கு இன்றே பதில் போடுங்கள். அத்தியாயம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். எங்கே நிற்கிறேன், எங்கே சிக்கியிருக்கிறேன் என்று இரண்டு வரி போதும்.