வெளிநாட்டுத் தோழிகளோடு குயில்ட் துண்டுகள் பரிமாறுவது: வெள்ளவத்தையிலிருந்து ஒரு பதில்

கொழும்பில் இருந்துகொண்டு, நேரில் சந்தித்தே இராத வெளிநாட்டுப் பெண்களோடு குயில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) துண்டுகளும் கைவேலைப் பரிசுகளும் பரிமாறிக்கொள்ள முடியுமா, தபால் செலவு கட்டுப்படியாகுமா, அந்த நட்பு நிலைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், நிலைக்கும். செலவு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்துத் தொடங்க வேண்டும். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். பல வருடமாக நோர்வே, கனடா, அவுஸ்திரேலியா என்று மூன்று திசைக்கும் என் வீட்டுத் துணி போகிறது, அங்கிருந்தும் வருகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிதாக எதையும் அனுப்பாதீர்கள். ஓர் உறைக்குள் அடங்கும் ஒரே ஒரு துணிச் சதுரம் போதும். ஆனால் அது உங்கள் வீட்டில் உடுத்துப் புழங்கிய துணியாக இருக்கட்டும். கடையில் புதிதாகக் கிடைக்கும் அழகான பருத்தித் துணி அவர்கள் ஊரில் கொட்டிக் கிடக்கிறது. உங்கள் மாமியின் பழைய சேலை அங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது.

ஆரம்பத்தில் நாங்களும் பை, குஷன் உறை, மேசை விரிப்பு என்று பெரிது பெரிதாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து சில வாரங்களுக்குள் 360 ரூபாவரை ஏறியது உங்களுக்கும் நினைவிருக்கும். எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற நாட்களில் பார்சல் அனுப்புவதை யோசிக்கவே முடியவில்லை. கனடாத் தோழி, "நீ ஒன்றும் அனுப்பவேண்டாம், நான் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன்" என்று எழுதினாள். நல்ல மனதோடுதான் எழுதினாள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருவர் கொடுத்துக்கொண்டும் மற்றவர் வாங்கிக்கொண்டும் இருந்தால் அது உதவியாக மாறிவிடும், எங்களுக்குள் இருந்த சமநிலை போய்விடும். அப்போது நோர்வேயில் இருக்கும் எங்கள் வடமராட்சிப் பிள்ளைதான் வழி சொன்னாள். "அக்கா, பார்சலை விடுங்கோ. உறைக்குள்ள வைக்கக்கூடியதை மட்டும் தைப்பம்." தைத்து முடித்தால் ஆறு அங்குலம் வரும் சதுரம் என்று நால்வரும் பேசி முடிவெடுத்தோம். நிலைமை சீரான பிறகும் அந்த அளவை நாங்கள் மாற்றவில்லை.

ஆறு அங்குலச் சதுரத்துக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது என்பதைப் பிறகுதான் வாசித்து அறிந்தேன். 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்தபோது நேச நாட்டுப் பெண்களையும் சிறுவர்களையும் சாங்கி சிறைச்சாலையில் அடைத்தார்கள். ஆண்களைத் தனியாக வைத்தார்கள். கணவன் உயிரோடு இருக்கிறானா என்றுகூடத் தெரியாத பெண்கள். அவர்களில் எதெல் மல்வானி என்ற கனடியப் பெண், ஆளுக்கொரு ஆறு அங்குலச் சதுரம் கொடுத்து, அதில் உங்களைப் பற்றி ஏதாவது தைத்துப் பெயரும் போடுங்கள் என்றார். ஒரு போர்வைக்கு 66 சதுரங்கள். காயப்பட்ட வீரர்களுக்கு என்று சொல்லி ஆண்கள் இருந்த முகாமின் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஜப்பானிய வீரர்களுக்கும் ஒரு போர்வை தைத்தார்கள், அதனால் காவலர்கள் தடுக்கவில்லை. போர்வை போய்ச் சேர்ந்ததும் ஆண்கள் அதில் மனைவியின் பெயரைத் தேடியிருப்பார்கள். அந்தப் போர்வைகளில் இரண்டு இன்று கன்பராவில் அவுஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், ஒன்று பிரித்தானிய செஞ்சிலுவைச் சங்கத்திடமும் இருக்கின்றன. எங்கள் கஷ்டத்தை அந்தப் பெண்களுடையதோடு ஒப்பிட மாட்டேன். ஆனால் அவ்வளவு சின்ன இடத்துக்குள் ஒரு மனுஷி தன்னைப் பற்றிச் சொல்லிவிட முடியும் என்பதற்கு எனக்கு அதைவிட வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கனடாத் தோழி அல்பேர்ட்டா மாகாணத்தில் ஒரு கோதுமைப் பண்ணையில் இருப்பவள். அவளிடமிருந்து வந்த ஒரு சதுரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்ணிறமும் கரும்பச்சையும் கலந்த கட்டம் போட்ட தடித்த ஃபிளனல் துணி. காலமான கணவரின் சேட்டில் வெட்டியது. பொத்தான் துளை இருந்த இடத்தை அவள் தவிர்க்கவில்லை, சதுரத்தின் நடுவிலேயே வரும்படி வெட்டியிருந்தாள். துளையின் இரண்டு உதடுகளையும் சேர்த்து அதே பச்சை நூலால் நெருக்கமாகத் தைத்து மூடியிருந்தாள். துளையைச் சுற்றி மட்டும் துணி தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது, ஒவ்வொரு நாளும் பொத்தான் போட்டுக் கழற்றிய விரல் பட்ட இடம். கூட வந்த கடிதத்தில் அறுவடைக் காலத்துச் சேட் என்று ஒரு வரி மட்டும் எழுதியிருந்தாள். அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது?

பதிலுக்கு நான் எடுத்தது மாமியின் பூப்போட்ட வொயில் சேலை. மாமி உயிரோடு இருந்தபோது வீட்டில் அதைத்தான் அதிகம் உடுப்பார். கொய்யகம் செருகும் இடத்தில் வெளிச்சம் தெரியும் அளவுக்கு நைந்திருந்தது. அப்படி நைந்த துணியை ஒற்றையாகத் தைத்தால் கிழிந்துவிடும். வங்காளத்தில் காந்தா என்று ஒரு தையல் முறை இருக்கிறது. பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஊசியை மேலும் கீழுமாக ஓட்டி வரிவரியாக நெருக்கித் தைப்பார்கள். நைந்த அடுக்குகள் அப்படிச் சேரும்போது உறுதியாகிவிடும், மென்மையும் குறையாது. நானும் இரண்டு மடிப்பாக வைத்து அப்படித்தான் தைத்தேன். கொழும்புப் புழுக்கத்துக்கு இந்த முறைதான் தோதும்கூட. வெளிநாட்டு குயில்ட்டில் மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் பஞ்சு வைப்பார்கள். இங்கே அதைப் போர்த்துக்கொண்டு யார் படுப்பது? நடுவில் ஒரு பழைய பருத்திப் பெட்சீற் வைத்தால் போதும். மழை நாட்களில் பூஞ்சணம் பிடிப்பதும் குறையும்.

எங்களிடம் அனுப்ப என்ன இருக்கிறது என்று தயங்குகிற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குயில்ட் என்பதே வெள்ளைக்காரருடைய கலை என்ற நினைப்புத்தான் அதற்குக் காரணம். ஆனால் சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயமேற்றிய பருத்தித் துணி 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவை அப்படி மயக்கியது. தங்கள் நெசவாளர் பிழைப்புப் போகிறது என்று 1686இல் பிரான்ஸ் அதைத் தடைசெய்தது. 1721இல் இங்கிலாந்து, அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும்கூடத் தடை போட்டது. இங்கிலாந்தில் இன்றும் பாதுகாக்கப்படும் மிகப் பழைய ஒட்டுத்துணி வேலைகளில் ஒன்று வடக்கே லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் இருக்கிறது. ஏறத்தாழ 1708ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். அதைத் தைத்தது இந்தியாவில் இருந்து போன பூத்துணித் துண்டுகளால். சரி, இனித் தயங்காதீர்கள்.

நோர்வேப் பிள்ளை ஒருமுறை சதுரத்துக்குப் பதில் ஒரு சோடி கம்பளிக் கையுறை பின்னி அனுப்பினாள். கறுப்பும் வெள்ளையும், புறங்கையில் எட்டு இதழ் நட்சத்திரம். செல்பு என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இருந்து பின்னிவரும் கோலம் அது. அங்கே போன பிறகு பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் கற்றுக்கொண்டாளாம். கொழும்பில் கம்பளிக் கையுறையை நான் எப்படிப் போடுவது? ஆனால் அந்த நட்சத்திரத்தைப் பார்த்தவுடன் கை சும்மா இருக்கவில்லை. எட்டு இதழ், எங்கள் வாசற்கோலத்திலும் இருப்பதுதானே. இதழ்களைச் சாய்சதுரமாக வெட்டி, மருதமுனைக் கைத்தறித் துணியில் அதே நட்சத்திரத்தை ஒட்டுத்துணியாகத் தைத்து அவளுக்கே திருப்பி அனுப்பினேன். அதை அவள் அந்த மூதாட்டியிடம் காட்ட, அவர் இதழ் நுனிகள் நடுவில் எப்படிச் சேர்கின்றன என்று பார்க்கத் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தாராம். கைவேலை தெரிந்தவர்கள் எந்த ஊரிலும் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்கும் அவருக்கும் பொதுவான ஒரு மொழியும் கிடையாது. ஆனாலும் அவர் எனக்குத் தோழிதான் என்று நான் நினைக்கிறேன்.

துணிக்கு எங்கே போவது என்று அலைய வேண்டாம். அலுமாரிதான் முதல் இடம். வீட்டில் இல்லையென்றால் உங்கள் பகுதித் தையல்காரரிடம் கேளுங்கள். காலி வீதிக்கு உள்ளே எங்கள் ஒழுங்கை முனையில் தைக்கும் அண்ணை, பிளவுஸ் வெட்டி மிஞ்சும் துண்டுகளை ஒரு பையில் சேர்த்து வைத்துத் தருவார். வருடத்துக்கு ஒருதரம் அவர் மெசினுக்கு ஒரு மூடி தைத்துக் கொடுப்பேன். அடித்துணிக்கு மட்டும் புறக்கோட்டைக்குப் போவேன். குறுக்குத் தெருக் கடைகளில் வெள்ளைப் பொப்ளின் மலிவு. பட்டும் பொலியெஸ்டரும் பருத்தியோடு கலக்காதீர்கள். துவைக்கும்போது ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது, சதுரம் கோணிப்போகும்.

அளவில் எல்லோரும் ஒத்துப்போவது மிக முக்கியம். குயில்ட் தைப்பவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம்தான் தையலுக்கு விடுவார்கள். அதனால் ஆறு அங்குலச் சதுரத்துக்கு ஆறரை அங்குலம் வெட்ட வேண்டும். நீங்கள் சென்ரிமீற்றரிலும் அவர் அங்குலத்திலும் அளந்தால் கடைசியில் சேர்த்துத் தைக்கும் ஆள் பாவம். துணியை முதலில் துவைத்து, காயவைத்து, அயன் பண்ணிய பிறகே வெட்டுங்கள். சிவப்புக் கைத்தறியும் பற்றிக்கும் சாயம் விடக்கூடியவை. ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், நிறம் ஒட்டினால் அந்தத் துணியை அனுப்ப வேண்டாம். உங்கள் ஒரு துண்டின் சாயம் மற்ற எல்லோருடைய உழைப்பிலும் ஊறிவிடும்.

அப்புறம் தபால். உறைக்குள் வைத்தாலும் துணி என்பது பொருள், எனவே வெறும் கடிதமாக எடுக்க மாட்டார்கள், சிறு பொதியாகப் போகும். அதற்கு இரண்டு கிலோ வரை இடம் உண்டு, எங்கள் சதுரமோ சில கிராம்தான். சுங்கப் படிவத்தில் பருத்தித் துணிக் கைவேலை, அன்பளிப்பு என்று தெளிவாக எழுதி, உண்மையான பெறுமதியைப் போடுங்கள். வாங்குகிறவர் வரி கட்டும்படி ஆகிவிடக்கூடாது. கனடாவுக்கு 60 கனடிய டொலர், பிரித்தானியாவுக்கு 39 பவுண் வரை அன்பளிப்புக்கு விலக்கு உண்டு. பதிவுத் தபாலில் போட்டால் மனம் நிம்மதி. பேர்த்தில் இருக்கும் தோழிக்கு அனுப்பும்போது கூடவே கறிவேப்பிலை, விதை, ஓலைப்பெட்டி என்று எதையும் செருகுவதில்லை. அவுஸ்திரேலியாவில் தாவரப் பொருட்களுக்குக் கடும் சோதனை. நத்தாருக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் ஒக்டோபரிலேயே தபால் கந்தோருக்குப் போய்விடுவேன்.

நட்பு நிலைக்குமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று தோன்றுகிறது. நீ ஒன்று அனுப்பினாய், நான் ஒன்று அனுப்புகிறேன் என்று கணக்கு வைக்கும் குழுக்கள் சீக்கிரம் கலைவதைப் பார்த்திருக்கிறேன். பேர்த் தோழி சுகமில்லாமல் இருந்தபோது நீண்ட காலம் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நாங்கள் மூவரும் அவளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தோம். பதில் எழுது என்று யாரும் கேட்கவில்லை. அவள் அவற்றைச் சேர்த்துத் தைக்கவும் இல்லை, கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் குண்டூசியால் குத்தி வைத்திருந்தாள் என்று பிறகு மகள் படம் அனுப்பினாள். மூலையில் மாமியின் சேலைப் பூவும் தெரிந்தது. இதே காரணத்துக்காகத்தான் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் முதலிலேயே கேட்பேன், ஒரு வருடம் பதிலே வராவிட்டாலும் அனுப்புவீர்களா என்று. தயங்கினால் பரவாயில்லை, உள்ளூரில் தைக்கும் பெண்களோடு தொடங்கச் சொல்வேன். எங்கள் மாடிக்குடியிருப்பிலேயே சனிக்கிழமைகளில் சிலர் கூடுகிறோம், தமிழர், சிங்களவர், முஸ்லிம் எல்லோரும் உண்டு. கத்தரிக்கோலைக் கைமாற்றிக்கொள்ளும் பழக்கம் அங்கேயே வந்துவிடும்.

தையல் அவ்வளவாகத் தெரியாது என்றும் எழுதியிருந்தீர்கள். நேராக நூலோடத் தெரிந்தால் போதும். ஒரு கைலேஞ்சி அளவுக்கு இரண்டு பழைய பருத்தித் துணிகளை வைத்து, கரையை மடித்து, வரிவரியாகத் தைத்துப் பழகுங்கள். கை படிந்ததும் முதல் சதுரத்தை வெட்டுங்கள். முடிந்ததும் பின்பக்கத்தில் உங்கள் பெயர், ஊர், ஆண்டு, யாருடைய துணி என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். 1840களில் அமெரிக்காவில் ஊரைவிட்டு மேற்கே போகும் பெண்ணுக்குத் தோழிகள் சேர்ந்து பெயர் எழுதிய போர்வை தைத்துக் கொடுப்பார்கள். துணியை அரிக்காத, அழியாத மை அப்போது கடைக்கு வந்துவிட்டது. இப்போது துணியில் எழுதும் பேனை புத்தகக் கடைகளிலேயே கிடைக்கிறது. எழுதியதும் அயன் பெட்டியால் சூடு காட்டுங்கள். முதலில் ஒரு கழிவுத் துண்டில் எழுதித் துவைத்துப் பாருங்கள், மங்காவிட்டால் சதுரத்தில் எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள், கீழே அவர்கள் வாசிக்க ஆங்கிலத்திலும் ஒரு வரி.