மெரினாவிலிருந்து பெசன்ட் நகர் வரை கடலோரமாகவே நடக்கலாமா?

அப்பாவுக்கு முழங்கால் வலி, கையில் இருப்பது ஒரே ஒரு காலைப்பொழுது, மெரினாவில் தொடங்கி பெசன்ட் நகர் வரை கடலோரமாகவே நடக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. நடுவில் அடையாறு கடலில் கலக்கிறது. முகத்துவாரத்துப் பாலம் 1977இல் உடைந்தது. இன்னும் அப்படியேதான் நிற்கிறது.

அதனால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்கு உழைப்பாளர் சிலையில் தொடங்கி, மணலில் இறங்காமல் நடைபாதையிலேயே கலங்கரை விளக்கம் வரை நடங்கள். மணல் முழங்காலைப் பிழிந்துவிடும், என் அனுபவம். வழியில் சாலைக்கு எதிர்ப்புறம் விவேகானந்தர் இல்லம். 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கிடங்கு அது. சென்னை வெயிலுக்கு அந்த வியாபாரம் எப்படி ஓடியதோ! 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கினார். அந்தப் பகுதிக்கு இன்றும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர்.

அப்புறம் ஆட்டோவில் பெசன்ட் நகர். மணலில் நிற்கும் வெள்ளை வளைவு, 1930இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட ஷ்மிட் என்ற டேனிஷ் மாலுமிக்கானது. ஜனவரி முதல் மார்ச் வரைக்குள் வந்தால், விடிந்ததும் ஈர மணலைப் பாருங்கள்: டிராக்டர் ஓடியது போல் தடம் இருந்தால், இரவில் பங்குனி ஆமை முட்டையிட வந்து போயிருக்கிறது.