குரல் மட்டும் காணோம்! – பிளேயர், இயர்போன், கவர்: கேள்வி-பதில்

ஆடி பிறந்துவிட்டால் என் கடை மேசைக்கு வரும் பொருள்களின் ரகமே மாறிவிடும். கோடையில் உடைந்த திரைகள் வரும். மழை பிடித்ததும் ஈரம் குடித்த பிளேயர்களும் பச்சை பூத்த பின்களும் வர ஆரம்பிக்கும். குன்னூரில் டேப் ரெக்கார்டர் காலத்திலிருந்து இந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். போனிலேயே பாட்டு இருக்கும்போது தனியாக ஒரு பிளேயர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எஸ்டேட்டில் சிக்னல் இல்லை, போன் சார்ஜ் தீரக் கூடாது, பரீட்சை நேரத்தில் பையன் கையில் போன் இருக்கக் கூடாது என்று தேடி வந்து வாங்குபவர்களும் உண்டு. இந்த இரண்டாம் ரகத்தினர் கேட்டவற்றில் சில இங்கே.

மைக் வைத்த புது இயர்போனை என் பழைய எம்.பி.3 பிளேயரில் சொருகினால் தபலா, வயலின் எல்லாம் கேட்கிறது. பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. மைக் பட்டனை அழுத்திப் பிடித்தால் குரல் திரும்பிவிடுகிறது. பிளேயர் போய்விட்டதா? – அருவங்காடு வாசகர்

பிளேயரும் நன்றாக இருக்கிறது, இயர்போனும் நன்றாக இருக்கிறது. இரண்டுக்கும் ஜோடிப் பொருத்தம்தான் இல்லை.

இயர்போன் பின்னைப் பாருங்கள். இரண்டு வளையக் கோடு இருந்தால் அது மூன்று துண்டுப் பின்: இடது, வலது, எர்த் (இரண்டு பக்கத்துக்கும் பொதுவான திரும்பும் வழி). மூன்று கோடு இருந்தால் நான்கு துண்டு. கூடுதலாக மைக் சேர்ந்திருக்கிறது. உங்கள் பழைய பிளேயரின் ஜாக், எர்த் இருக்கும் என்று நினைக்கும் இடத்தில் இந்தப் பின்னில் மைக் உட்கார்ந்திருக்கிறது. எர்த் சரியாகக் கிடைக்காததால் இடது, வலது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே காதுக்கு வருகிறது. சினிமாப் பாட்டில் பாடுகிறவர் குரலை இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவு செய்திருப்பார்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிச்சம் ஏது? குரல் காணாமல் போய்விடும். ஒரு பக்கம் ஒதுக்கி வைத்த வாத்தியங்கள் தங்கிவிடும். மைக் பட்டனை அழுத்தினால் மைக்கும் எர்த்தும் உள்ளே ஒட்டிக்கொள்வதால் குரல் திரும்புகிறது.

மைக் இல்லாத மூன்று துண்டு இயர்போன் வாங்கிவிடுங்கள், விலையும் குறைவு. இருப்பதையே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் எர்த்தையும் மைக்கையும் இடம் மாற்றித் தரும் சின்ன அடாப்டர் இருக்கிறது. பின்னைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்துக் கேட்கிற வித்தை நாலு நாளுக்குத்தான். அப்புறம் ஜாக்கே லூஸாகி என்னிடம் வரும்.

இதே கோளாறு கவராலும் வரும். தடித்த ரப்பர் கவரின் ஓட்டை சின்னதாக இருந்து, பின்னின் பிளாஸ்டிக் தலை பெரிதாக இருந்தால், பின் கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாது. போன மாதம் ஒருவர் மூன்று இயர்போன் மாற்றிவிட்டு வந்தார். கவரைக் கழற்றிச் சொருகிக் காட்டினேன். காசு வாங்க எனக்கே கூச்சமாக இருந்தது. கவர் வாங்கப் போகும்போது உங்கள் இயர்போனையும் கையில் கொண்டுபோங்கள்.

ஊட்டியில் இருக்கிறேன். ஆசையாக லெதர் கவர் போட்டேன். ஒரே மழையில் வெள்ளையாகப் பூசணம். எந்தக் கவர் தாங்கும்? – ஃபிங்கர்போஸ்ட் வாசகி

ஜூனிலிருந்து நவம்பர் வரை நம் ஊரில் லெதர் செருப்பே பீரோவுக்குள் பூத்துவிடுகிறது, கவர் எம்மாத்திரம். டிபியு என்று சொல்லும் வளைகிற பிளாஸ்டிக் கவர் போதும். சிலிக்கான் கவரும் பரவாயில்லை. ஆனால் ஸ்வெட்டர் நூலையும் தூசியையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும், பாக்கெட்டிலிருந்து எடுக்கும்போது துணியோடு சண்டை போடும். எதைப் போட்டாலும் வாரம் ஒருமுறை கழற்றித் துடைத்துவிட்டுப் போடுங்கள். கவருக்கும் பிளேயருக்கும் இடையில் தங்கும் ஈரம்தான் பட்டனுக்குள் இறங்குகிறது.

இன்னொன்று, மழையில் நனையாத பிளேயரும் ஈரத்தால் சாகும். வெளியே குளிரில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, அடுப்பு எரிகிற சமையலறைக்குள் நுழைகிறீர்கள். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறதல்லவா? அதே ஆவி பிளேயருக்குள்ளும் படிகிறது. வீட்டுக்குள் வந்ததும் பையிலேயே அரை மணி நேரம் விட்டுவிட்டு அப்புறம் வெளியே எடுங்கள், சார்ஜும் அதற்குப் பிறகு போடுங்கள்.

ராத்திரியில் வைக்க, இறுக்கமாக மூடும் ஒரு டிபன் டப்பாவும் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். குழந்தைகள் வாயில் வைக்காத இடத்தில் வையுங்கள். அந்த நீலச் சாயம் உடம்புக்கு ஆகாது. பாதுகாப்பு என்று நனைந்த பிளேயரையே காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடிவிடாதீர்கள், ஈரத்தை உள்ளே சிறை வைத்தது போலாகும். அரிசிப் பானையில் புதைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அரிசி இழுக்கிற ஈரம் குறைவு, ஜாக்குக்குள் போகிற மாவுத் தூசிதான் அதிகம்.

தேயிலைத் தோட்டத்தில் மேஸ்திரி வேலை. மழையில் நனைந்தாலும் கெடாத இயர்போன் சொல்லுங்கள் அண்ணா. – பந்தலூர் வாசகர்

பெட்டியில் ஐ.பி.எக்ஸ் என்று போட்டு ஒரு எண் இருக்கும். 4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். எக்ஸ் என்ற எழுத்து தூசிக்கான சோதனை மதிப்பு தரப்படவில்லை என்பதைத்தான் சொல்கிறது. தொப்பியோ ஜாக்கெட்டோ போட்டுக்கொண்டு வேலை செய்பவருக்கு 4 போதும். பந்தலூர், தேவாலா மழை சாதாரண மழை இல்லை என்பதால் 5 அல்லது அதற்கு மேல் கிடைத்தால் வாங்குங்கள். இந்த எண்கள் புதுப் பொருளுக்குச் சொன்னவை. வருடம் போகப்போக உள்ளே இருக்கும் ரப்பர் தளர்ந்துவிடும். சார்ஜ் ஓட்டை ஈரமாக இருக்கும்போது மட்டும் சார்ஜரைச் சொருகவே கூடாது.

தனித்தனிக் குண்டாக வரும் பட்ஸ் உங்களுக்கு வேண்டாம். தேயிலைச் செடிக்குள் ஒன்று விழுந்தால் அடுத்த கவாத்துக்குத்தான் கிடைக்கும். கழுத்தில் தொங்கும் நெக்பேண்ட் வாங்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன் தம்பி. காலையில் தோட்டத்துக்குள் நடக்கும்போதும் சாயங்காலம் திரும்பும்போதும் காதில் எதுவும் வேண்டாம். உங்கள் பக்கம் யானை, எங்கள் பக்கம் காட்டெருமை, கோத்தகிரிப் பக்கம் கரடி. மூங்கில் முறிகிற சத்தத்தைக் காதுதான் முதலில் சொல்லும், கண் இல்லை. வேலைக்கு நடுவில் கேட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு காதில் மட்டும், அதுவும் மெதுவாக. வெளிச் சத்தத்தை அழிக்கும் நாய்ஸ் கேன்சலிங் வசதிக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் வைத்த பழைய ஐபாட் கிளாசிக் என்னிடம் இருக்கிறது. உயரமான இடத்தில் ஹார்ட் டிஸ்க் கெட்டுவிடும் என்கிறார்களே? – லவ்டேல் வாசகர்

பாதி உண்மை. ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டின் மேல், படிக்கும் ஊசி காற்றின் மெல்லிய படலத்தில் மிதக்கிறது. காற்று நீர்த்துப் போனால் ஊசி தாழ்ந்து தட்டில் உரசலாம். ஆனால் அந்த ஐபாடுக்குச் சொன்ன உயர எல்லை 3,000 மீட்டர். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637தான். பயமில்லாமல் கேளுங்கள். லடாக் டூருக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள்.

உங்கள் ஐபாடுக்கு உயரத்தைவிட வயதுதான் எதிரி. அந்த மாடலை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தால் பாட்டுகளைக் கம்ப்யூட்டரில் எடுத்துவைத்துக்கொண்டு, டிஸ்க்குக்குப் பதில் எஸ்டி கார்டு ஏற்கும் போர்டை மாட்டலாம். எடை குறையும், சார்ஜும் கூடுதலாக நிற்கும். கழற்ற நகமும் பொறுமையும் வேண்டும். முதல்முறை என்றால் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எஃப்.எம். உள்ள பிளேயர் வாங்கி, ப்ளூடூத் இயர்போன் சேர்த்தேன். பாட்டு வருகிறது, எஃப்.எம். மட்டும் "இயர்போனைச் சொருகவும்" என்கிறது. – கோத்தகிரி வாசகர்

வயர் இயர்போனின் வயர்தான் எஃப்.எம்.முக்கு ஏரியல். அது இல்லாமல் ரேடியோ எடுக்காது. ஐம்பது ரூபாய் இயர்போன் ஒன்றைச் சொருகிவிடுங்கள். சில பிளேயர்களில் வயரைச் சொருகியபடியே சத்தத்தை மட்டும் ப்ளூடூத்துக்கு மாற்ற முடியும், மெனுவில் தேடிப் பாருங்கள். வயரைச் சுருட்டிப் பாக்கெட்டில் போடாமல் நீளமாக விடுங்கள். எஃப்.எம். அலை நேர்க்கோட்டில் போவது. நடுவில் ஒரு மலை முகடு நின்றால் பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கு வராது. ஊட்டி வானொலி திண்ணையில் கேட்டு, அடுப்படியில் இரைந்தால் பிளேயரைக் குறை சொல்லாதீர்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் பாட்டுக் கேட்பேன். காது அடைத்து வலிக்கிறது. இயர்போன் மாற்ற வேண்டுமா? – குன்னூர் கல்லூரி மாணவி

ஒரு மணி நேரச் சொச்சத்தில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஏறுகிறோம், இறங்குகிறோம். காதுக்குள் இருக்கும் காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் அழுத்தம் மாறுகிறது. ஏறும்போது உள்ளே இருப்பது சுலபமாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் அடைப்பு அதிகம். அதற்கு மேல் காதுத் துளையை இறுக்கி மூடும் ரப்பர் டிப்பும் இருந்தால் கேட்கவே வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை கழற்றிவிடுங்கள். எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், ஒரு நெல்லிக்காயை மெல்லுங்கள். கழற்ற மனசு வரவில்லையா, காதின் வாயிலில் மட்டும் தொற்றி நிற்கிற பழைய மாடல் இயர்போன் அல்லது காதின் மேல் உட்காரும் பஞ்சு ஹெட்போன் போடுங்கள். சளி பிடித்திருக்கும் நாளில் இரண்டுமே வேண்டாம். ஊர் வந்து ஒரு நாள் ஆகியும் அடைப்பு விடவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கேரட் லோடு ஏற்றும் வேலை. மார்கழியில் விடியற்காலை மூன்று மணிக்கு பேட்டரி 40 காட்டும், அடுத்த பாட்டில் அணைந்துவிடும். வீட்டுக்கு வந்தால் மறுபடி 30 இருக்கிறது! – கேத்தி வாசகர்

பேய் பிசாசு இல்லை. லித்தியம் பேட்டரிக்குள் குளிரில் எல்லாமே மந்தமாகிவிடும். சார்ஜ் உள்ளே இருக்கும், கேட்ட வேகத்துக்குக் கொடுக்க முடியாமல் அணைந்துவிடும். சூடு ஏறினால் திரும்பும். பிளேயரை ஜாக்கெட்டின் வெளிப் பாக்கெட்டிலிருந்து ஸ்வெட்டருக்கு உள்ளே, சட்டைப் பாக்கெட்டுக்கு மாற்றுங்கள். பாதிப் பிரச்சினை அதோடு தீரும். உறைபனி கொட்டும் இடத்தில், பூஜ்ஜிய டிகிரிக்குப் பக்கத்தில், சார்ஜ் போடாதீர்கள். அது பேட்டரியை நிரந்தரமாகக் கெடுக்கும். கணப்புச் சட்டி பக்கத்தில் வைத்துச் சூடு காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைவிடப் பேட்டரியைக் கல்லில் அடித்துக் கொல்லலாம்.

கையுறை போடுபவர் நீங்கள். தொடுதிரை கம்பளிக்கு மசியாது. அமுக்குகிற பட்டன் உள்ள மாடலாக வாங்குங்கள். நுரை டிப் வைத்த இயர்போன் என்றால் குளிரில் விறைத்திருக்கும், விரலில் உருட்டிச் சூடாக்கிவிட்டுக் காதில் வையுங்கள்.

64 ஜி.பி. கார்டு போட்டால் பிளேயர் கண்டுகொள்ளவில்லை. – மஞ்சூர் வாசகர்

பழைய பிளேயர்கள் 32 ஜி.பி. வரைதான் என்று சொல்லியிருப்பார்கள். 64 ஜி.பி. கார்டு, ஃபைல்களை அடுக்கி வைக்கிற எக்ஸ்ஃபேட் என்ற முறையில் வரும். கம்ப்யூட்டரில் ஃபேட் 32 முறைக்கு மாற்றினால் பல பிளேயர்கள் படித்துவிடும், எல்லாமும் அல்ல. சாதாரணத் தரத்தில் ஒரு பாட்டு 5 எம்.பி. என்று வைத்தாலும் 32 ஜி.பி.யில் ஆறாயிரம் பாட்டு. கேட்டு முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். சந்தையில் பாதி விலைக்கு வாங்கிய கார்டு என்றால் முதலில் முழுக்க நிரப்பிச் சோதியுங்கள். 64 என்று எழுதி உள்ளே 8 இருப்பது அடிக்கடி நடக்கிறது.

எட்டு வயது மகனுக்கு எந்த ஹெட்போன்? – வெலிங்டன் வாசகி

சத்தத்துக்கு எல்லை வைத்தது. 85 டெசிபல் என்று பெட்டியில் எழுதியிருப்பார்கள், அதுவே கொஞ்சம் தாராளம்தான். குழந்தைகளுக்கு 75 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. பெரியவர்களுக்கு 80. மூன்று டெசிபல் கூடினால் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். அவன் போட்டிருக்கும்போது கையெட்டும் தூரத்தில் நின்று சாதாரணமாகக் கூப்பிடுங்கள். திரும்பவில்லை என்றால் குறையுங்கள்.

அப்பாவின் வாக்மேனும் கேசட்டுகளும் கிடைத்தன. நாடாவில் வெள்ளைப் பொடி மாதிரி இருக்கிறது. போட்டுக் கேட்கலாமா? – எடப்பள்ளி வாசகி

போடாதீர்கள். அது பூசணம். ஒரு கேசட்டில் இருப்பது வாக்மேனில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். நல்ல கேசட்டுகளைத் தனியாகப் பிரித்து டப்பாவில் வையுங்கள். பூத்தவற்றை மூக்கில் துணி கட்டிக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் பென்சிலால் மெதுவாகச் சுற்றி, பஞ்சு உதிராத துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வாக்மேனுக்குள் பழைய செல் இருந்தால் இன்றே கழற்றுங்கள். உள்ளே ரப்பர் பெல்ட் இத்தனை வருடத்தில் தொய்ந்திருக்கும், அதை மாற்றிய பிறகுதான் பாட்டு சரியான வேகத்தில் வரும். பெல்ட் வாங்க மாடல் எண் தேவை, செல் போடும் மூடிக்குப் பக்கத்தில் பாருங்கள்.